பல் டாக்டர் லேனா

பல் டாக்டரிடம் போவதென்றால் உங்களுக்கு எப்படியோ, எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தச் சாய்வு நாற்காலி, முகத்துக்கு நேரே அந்த விளக்கு, 'ர்ர்ர்' என்று சுழலும் அந்தக் கருவி – இவற்றை நினைத்தாலே இல்லாத பல்வலியும் வந்துவிடும். ஆனாலும் ஒரே ஒரு பல் டாக்டரை மட்டும் வாழ்நாளில் ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பல்லைக் காட்டுவதற்கல்ல, அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பார்ப்பதற்கு!

அவர் பெயர் லேனெ கொப்பென். டென்மார்க் தேசத்துப் பெண்மணி. அந்த ஊர்க்காரர்கள் பெயரை உச்சரிப்பதைக் கேட்டால் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். நம் நாக்குக்கு அது வராது. 'லேனா' என்றே வைத்துக்கொள்வோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாட்மின்டன் ஆட்டத்தில் பெண்கள் ஒற்றையர் உலகச் சாம்பியன் பட்டத்தை உலகத்திலேயே முதன் முதலாக வென்றவர் இவர்தான். 2019-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் நம் பி.வி. சிந்து வென்றாரே, நாமெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டோமே, அதே பட்டம். சிந்துவுக்கு 42 வருஷம் முன்னால் அந்த வரிசையைத் தொடங்கி வைத்தவர் ஒரு பல் டாக்டர் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

இந்த அம்மாளைப் பற்றி எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். என் பெண்ணின் பிரசவத்துக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் கோபன்ஹேகனில் இருந்தேன். டிசம்பர் மாதம் அங்கே மத்தியானம் மூன்றரை மணி சுமாருக்கு சூரியன் அஸ்தமித்துவிடுகிறான். மாலை டிபனுக்கு மாவு கரைப்பதற்குள் வெளியே நடுநிசி! "இந்த இருட்டில் ஜனங்கள் என்னதான் செய்வார்கள், மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாங்க அத்தை, காட்டுகிறேன்" என்று இரண்டு தெரு தள்ளி ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார்.

உள்ளே பட்டப்பகல் மாதிரி விளக்கு. ஐந்தாறு ஆட்டக்களங்கள். ஒன்றில் பத்து வயதுச் சிறுமிகள். பக்கத்துக் களத்தில் ஆபீஸ் விட்டு வந்தவர்கள். கடைசிக் களத்தில் என்னைவிடவும் வயதான இரண்டு பாட்டிமார், குட்டைக் கால்சராய் போட்டுக்கொண்டு, எதிரே நின்ற இரண்டு தாத்தாக்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர், ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுப்பவர் எல்லாருமே சம்பளம் வாங்காத ஆட்கள் என்றார் மாப்பிள்ளை. ஊருக்கு ஊர் இப்படி ஒரு சங்கம். காற்றடித்தால் ஷட்டில் தன் இஷ்டத்துக்குப் பறக்கும். அதனால் இது கூரைக்குக் கீழேயே ஆட வேண்டிய ஆட்டம். ஆறு மாதம் குளிரும் இருட்டும் உள்ள நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது?

விந்தை என்னவென்றால், இந்த ஆட்டத்தின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் புனாவில் ஆடி, விதிகளை வகுத்து, 'பூனா' என்றே பெயரும் சொல்லி, இங்கிலாந்துக்கு எடுத்துப் போன ஆட்டம் இது. அங்கே ஒரு பிரபுவின் மாளிகைப் பெயர் ஒட்டிக்கொண்டு 'பாட்மின்டன்' ஆயிற்று. (தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்த என் வயதுப் பெண்களுக்கு, வேப்பமரத்தடியில் மஞ்சள் நிற நூல் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடிய பூப்பந்துதான் நினைவுக்கு வரும். அது வேறு, ஆனால் பங்காளி.) டென்மார்க்கில் 1930-ல் பாட்மின்டன் சங்கம் ஏற்பட்டது. 1934-ல் சர்வதேச சம்மேளனத்தை ஒன்பது நாடுகள் கூடி ஆரம்பித்தபோது டென்மார்க்கும் அதில் ஒன்று.

யுத்தம் முடிந்த பிறகு அந்த நாட்டுப் பெண்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்த நாளில் உலகச் சாம்பியன் போட்டி என்று ஒன்று கிடையாது. லண்டனில் நடக்கும் ஆல் இங்கிலாந்து போட்டிதான் எல்லாவற்றுக்கும் மேலானது. அதில் 1947 முதல் 1953 வரை, ஏழு வருஷம் ஒரு வருஷம் கூடத் தவறாமல், பெண்கள் ஒற்றையர் பட்டம் டென்மார்க் பெண் ஒருத்திக்கே போயிற்று. மாரி உஸ்ஸிங், கிர்ஸ்டன் தோர்ண்டால், ஆஸெ யாகப்சன், டோனி ஆம் என்று நாலு பேர் மாற்றி மாற்றி அதைத் தங்கள் வீட்டு வெள்ளிக் கூஜா மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள்! 1954-ல் அமெரிக்காவிலிருந்து ஜூடி டெவ்லின் வந்தார். கூஜா கைமாறிவிட்டது. அதற்குப் பிறகு 26 வருஷம் டென்மார்க் பெண் யாரும் அதைத் தொடவில்லை.

கூஜா கடைசியாக அந்த நாட்டில் இருந்த அதே 1953-ம் வருஷம், மே மாதம் 5-ம் தேதி, கோபன்ஹேகனில் லேனா பிறந்தார்.

அவர் வளர்ந்த காலத்தில் பாட்மின்டன் அமெச்சூர் ஆட்டம். ஆடிப் பணம் சம்பாதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றைய ஆட்டக்காரிகளைப் போல் விளம்பரப் பலகையில் சிரிப்பதற்கும் வழி கிடையாது. சாப்பாட்டுக்கு வேறு தொழில் வேண்டும். லேனா தேர்ந்துகொண்டது பல் வைத்தியம். அது சாயங்காலக் கல்லூரியில் படித்து முடிக்கிற படிப்பல்ல என்பது, வீட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளை உள்ளவர்களுக்குத் தெரியும். படிப்பையும் விடவில்லை, ராக்கெட்டையும் விடவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஜாதி வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷட்டில் என்பது 16 வாத்து இறகுகளைச் செருகிய ஒரு சின்ன வஸ்து. எடை 5 கிராம் சொச்சம். அதைப் பலங்கொண்ட மட்டும் அடித்தால் மட்டும் போதாது. வலைக்கு ஒரு விரல்கடை மேலே போய் அந்தப் பக்கம் சொத்தென்று விழச் செய்ய வேண்டும். பல்லில் ஒரு நூல் பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்த கைதானே அதைச் செய்யும்!

1977-ல் சர்வதேச சம்மேளனம் முதல் தடவையாக உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. இடம் ஸ்வீடனில் உள்ள மால்மோ நகரம். கோபன்ஹேகனுக்கு நேர் எதிர்க் கரை. இப்போது 2000-ம் வருஷத்தில் திறந்த பெரிய பாலம் இருக்கிறது. நானும் என் பெண்ணும் ரயிலில் ஏறி, இரு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அன்று பாலம் கிடையாது. டென்மார்க் ஜனங்கள் படகில்தான் கடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த மே மாதத்தில் எல்லாருடைய கண்ணும் இங்கிலாந்தின் கில்லியன் கில்க்ஸ் மேல் இருந்தது. சாமானியப்பட்டவர் அல்ல அவர். முந்தைய 1976-ம் வருஷம் ஆல் இங்கிலாந்துப் போட்டியில் ஒற்றையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் ஒரே சேர வாரிக்கொண்டு போனவர். லேனாவோ இரண்டு மாதம் முன்னால்தான் அதே ஆல் இங்கிலாந்தின் இறுதி ஆட்டம் வரை போய், ஜப்பானின் ஹிரோயே யூகியிடம் தோற்றுத் திரும்பியிருந்தார். மால்மோப் போட்டி மே 3 முதல் 8 வரை. நடுவில் 5-ம் தேதி லேனாவுக்கு 24 வயது நிறைந்தது. பிறந்த நாளன்று கேக் சாப்பிட்டாரோ, தூக்கம்தான் பெரிதென்று படுத்துவிட்டாரோ!

இந்த இடத்தில் அந்தக் காலத்துக் கணக்கு முறையைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு யார் அடி தவறினாலும் எதிராளிக்கு ஒரு புள்ளி. 21 எடுத்தால் ஒரு ஆட்டம். இது 2006-ல் வந்தது. அப்போது அப்படி இல்லை. பெண்கள் ஒற்றையரில் 11 புள்ளி. ஆனால் யார் சர்வீஸ் போடுகிறாரோ அவர் ஜெயித்தால்தான் புள்ளி. மற்றவர் ஜெயித்தால் புள்ளி கிடையாது. சர்வீஸ் மட்டும் கை மாறும். பலகையில் எண் அசையவே அசையாது. ஆட்டக்காரிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நாள் முழுக்க வேலை செய்தும் 'என்ன செய்தாய்?' என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கிற அனுபவம் நமக்கு நன்றாகத் தெரியும் அல்லவா? அந்த மாதிரிதான். பொறுமை இல்லாதவருக்கு அந்த முறையில் ஜெயம் இல்லை.

ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் லேனா கில்க்ஸைத் தோற்கடித்தார். உலகத்தின் முதல் சாம்பியன்! அதோடு விட்டாரா? கலப்பு இரட்டையரில் ஸ்டீன் ஸ்கௌகோர் என்ற தம் நாட்டுக்காரருடன் சேர்ந்து இறுதிக்கு வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் யார் தெரியுமா? டெரெக் டால்பட்டும் அதே கில்லியன் கில்க்ஸும்! அதையும் லேனா ஜோடியே வென்றது. ஆண்கள் ஒற்றையரை டென்மார்க்கின் ஃப்ளெம்மிங் டெல்ஃப்ஸ் வென்றார். மொத்தம் ஐந்து பட்டங்கள். அதில் மூன்று, அப்போது ஜனத்தொகை 50 லட்சம் சொச்சமே இருந்த ஒரு நாட்டுக்கு. நம் சென்னைப் பட்டணத்தில் இன்று அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். பாவம், கில்க்ஸ். அந்த வாரத்தை அவர் எப்படி மறந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. ஒரே போட்டியில், ஒரே பெண்ணிடம், இரண்டு தடவை!

பழைய வெள்ளிக் கூஜா விஷயத்துக்கு வருகிறேன். 1979-ல் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை லேனா வென்றார். 26 வருஷத்துப் பாக்கி தீர்ந்தது. மறு வருஷமும் அவரே வென்றார், இந்தோனேசியாவின் வெராவதியைத் தோற்கடித்து.

அந்த 1980-ம் வருஷத்து இறுதி நாள், மார்ச் 23, நம் தேசத்துக்கும் முக்கியமான நாள். லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆண்கள் பட்டத்தை வாங்கியவர் பெங்களூர்ப் பிள்ளை பிரகாஷ் படுகோனே. இந்தோனேசியாவின் லிம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று நேர் ஆட்டங்களில் ஜெயித்த முதல் இந்திய ஆல் இங்கிலாந்து சாம்பியன். பிரகாஷுக்கும் டென்மார்க்குக்கும் உறவு அதோடு நிற்கவில்லை. பிறகு அவர் கோபன்ஹேகனிலேயே தங்கி அங்குள்ள சங்கத்துக்காக ஆடினார். அவர் மகள், சினிமா நட்சத்திரம் தீபிகா படுகோனே, 1986-ல் பிறந்தது அந்த ஊரில்தான். இதை என் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, உண்மையே என்று.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். லேனா உச்சியில் இருந்த அந்த நாட்களில் சீன தேசத்துப் பெண்கள் இந்தப் போட்டிகளில் கலந்துகொள்ளவே இல்லை. அரசியல் சண்டை. சீனா சம்மேளனத்தில் அங்கத்தினர் அல்ல. 1978-ல் எதிராக இன்னொரு சம்மேளனமே கிளம்பிற்று. 1981-ல்தான் இரண்டும் ஒன்றாயின. அடுத்த வருஷமே ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் சீனாவின் ஜாங் ஐலிங்குக்குப் போயிற்று. 1983-ல் உலகச் சாம்பியன் போட்டி கோபன்ஹேகனிலேயே நடந்தது. பெண்கள் ஒற்றையர் இறுதியில் இரண்டு பேருமே சீனப் பெண்கள். "அவர்கள் வந்திருந்தால் இந்த அம்மாள் ஜெயித்திருப்பாரா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். யார் வரவில்லை என்பதற்கு ஆட்டக்காரி என்ன செய்வார்? எதிரே நின்றவரை ஜெயித்தார். எதிரே நின்றவர் கில்லியன் கில்க்ஸ். அதற்காகப் பட்டத்தைத் தராசில் வைத்துக் கழித்துப் பார்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

1981-ல் ஆல் இங்கிலாந்து இறுதிக்கு மறுபடியும் வந்தார். தென் கொரியாவிலிருந்து வந்த ஹ்வாங் சுன் ஐ என்ற இளம் பெண்ணிடம் தோற்றார். காலம் மாறிக்கொண்டிருந்தது, முழு நேரமும் ஆட்டமே வேலையாக இருக்கும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒலிம்பிக்கும் அவருக்கு வாய்க்கவில்லை. 1992-ல் பார்சிலோனாவில்தான் பாட்மின்டனுக்கு முதன் முதலாக ஒலிம்பிக் பதக்கம் கொடுத்தார்கள். லேனாவுக்கு அப்போது 39 வயது.

இதையெல்லாம் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்னையில் என் தங்கை பெண் கமலி பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். மூன்று வருஷமாக ஷட்டில் ஆடுகிறாள், அலமாரியில் கோப்பைகள். பள்ளி திறந்ததும் தங்கை ராக்கெட்டுப் பையைப் பரணில் ஏற்றிவிட்டாள். கமலி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கை எனக்குப் போன் செய்து, "அக்கா, நீயே அவளுக்குப் புத்தி சொல்லு. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சொல்வதும் அவள்தான், ஆட வேண்டும் என்று அழுவதும் அவள்தான். இரண்டும் எப்படி நடக்கும்?" என்றாள்.

நான் லேனாவின் கதையைச் சொன்னேன். தங்கை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ஊரில் இரண்டு தெருவுக்கு ஒரு கூடம் இருக்கிறது. இங்கே காலை ஐந்து மணிக்கு ஆட்டோவுக்கும், கூடத்து வாடகைக்கும், இறகு ஷட்டில் டப்பாவுக்கும் நான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மாளின் அம்மாவுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. லேனா ஒருத்தியாக வந்துவிடவில்லை. அந்த இருட்டுக் காலத்து விளக்குகளும், சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தவர்களும், ஃபிளாஸ்க் காப்பியும் சேர்ந்துதான் அவரைக் கொண்டுவந்தன. அவருக்குப் பின்னாலும் அந்தக் கூடங்களிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள்: 1987-ல் கிர்ஸ்டன் லார்சன் ஆல் இங்கிலாந்தை வென்றார், 1999-ல் கமில்லா மார்ட்டின் சொந்த ஊர் ஜனங்களுக்கு முன்னால், கோபன்ஹேகனிலேயே, சீனாவின் தாய் யுன்னைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார். அதற்கும் லேனாவுக்கும் நடுவே 22 வருஷம். பிறகு டீனெ பௌன் என்பவர் 2008, 2010, 2013 என்று மூன்று தடவை ஆல் இங்கிலாந்தில் ஜெயித்தார்.

தங்கை அதற்கப்புறம் ஒரு வாரம் போன் செய்யவில்லை. கமலிதான் செய்தாள். "பெரியம்மா, அந்த டென்மார்க் பல் டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சாங்களாம்?" என்று கேட்டாள். "அதை நீ அவரைத்தான் கேட்க வேண்டும், கண்ணே" என்றேன். பின்னால், தங்கையின் குரல் கேட்டது: "வாரத்துக்கு மூன்று நாள்தான் என்று சொல்லு, அக்காவிடம்! பரீட்சை மாதத்தில் அதுவும் கிடையாது!"

பரணிலிருந்து பை இறங்கிவிட்டது. திங்கள், புதன், சனி காலை ஐந்தரை மணிக்கு ஆட்டம். ஏழரைக்கு வேதியியல் ட்யூஷன். மாப்பிள்ளை கோபன்ஹேகனிலிருந்து ஒரு டப்பா ஷட்டில் அனுப்பியிருக்கிறார். முதல் பரீட்சையின் மார்க் இன்னும் வரவில்லை.